அதே லத்திதான்: ஒரு படத்துல விசில், இன்னொரு படத்துல கண்ணீர்

மூணாவது ரீல்:

முந்தாநாள் ராத்திரி தூக்கம் வரலைன்னு 'ஜெய் பீம்' மறுபடி போட்டு உட்கார்ந்தேன். லாக்கப் சீன் வந்ததும் முதல் தடவை மாதிரியே சவுண்டைக் குறைச்சுட்டு பாதி கண்ணை மூடிட்டுதான் பார்த்தேன். காலையில ஹால்ல சத்தம் கேட்டு எழுந்து வந்தா டிவியில 'சிங்கம்' ஓடுது, துரைசிங்கம் அடி பின்றாரு, வீட்ல சின்னப் பசங்க உட்பட எல்லாரும் வாயைப் பொளந்து பார்த்துட்டிருக்காங்க. நானும் நின்னு பார்த்தேன், பொய் சொல்லலை, ரசிச்சுதான் பார்த்தேன். பல்லு விளக்கும்போதுதான் உறைச்சுது. ரெண்டு படத்துலயும் ஒரே நடிகர், சூர்யா. ராத்திரி கோர்ட்ல நின்னு அடிச்சவனைக் கேள்வி கேட்டவரு காலையில யூனிஃபார்ம் போட்டு அடிக்கிறாரு, அவரு நடிகர், அவரை விடுங்க, ராத்திரி அழுதுட்டு காலையில ரசிச்சேனே நான் யாரு?

2020 ஜூன்ல சாத்தான்குளத்துல போலீஸ் கஸ்டடியில அடி வாங்கி அப்பாவும் மகனும் செத்தப்போ டைரக்டர் ஹரி ஒரு அறிக்கை விட்டாரு ஞாபகம் இருக்கா? போலீஸைப் பெருமைப்படுத்தி அஞ்சு படம் எடுத்ததுக்கு இப்போ வேதனைப்படுறேன்னு. சாமி ரெண்டு, சிங்கம் மூணு, கணக்கு சரியா இருக்கு. எடுத்தவராவது வேதனைப்பட்டாரு, அஞ்சுக்கும் டிக்கெட் வாங்கின நாம மறுநாள் என்ன பண்ணோம்னு யோசிச்சுப் பாருங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். அடி தப்புன்னு நம்ம சினிமா எப்பவுமே சொன்னதில்லை. ஆளு மாறி அடிச்சா தப்புன்னுதான் சொல்லுது. திட்ட நினைக்கிறவங்க வரலாம்.

பால்கனி டிக்கெட்:

வந்துட்டேன். ப்ரோ, படத்தைப் படமா பாருங்க. 1974-ல 'தங்கப்பதக்கம்' வந்துச்சு, 82-ல 'மூன்று முகம்' வந்துச்சு, அலெக்ஸ் பாண்டியனைப் பார்த்து எங்க பெரிய மாமா போலீஸ்லயே சேர்ந்தாரு, முப்பது வருஷம் சர்வீஸ், யாரையும் கொல்லலை. சினிமா பார்த்துதான் போலீஸ் அடிக்கிறாங்கன்னா சினிமாவே இல்லாத காலத்துல போலீஸ் என்ன பூ குடுத்துட்டிருந்தாங்களா? நாள் பூரா ஆபீஸ்ல ஒருத்தன்கிட்டயும் எதிர்த்துப் பேச முடியாம வந்து உட்கார்றவனுக்கு ரெண்டரை மணி நேரம் ஒருத்தன் தட்டிக் கேக்கறதைப் பார்த்தா ஒரு திருப்தி, அவ்வளவுதான். அதுல போய் சமூகப் பொறுப்பு, ரசனை, குற்ற உணர்ச்சின்னு ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கீங்க.

மத்தபடி 'ஜெய் பீம்' எனக்கும் பிடிச்ச படம்தான். ரெண்டும் பிடிக்கும். ரெண்டும் பிடிக்கிறதுல என்ன தப்புன்னு எனக்குப் புரியலை.

வக்கீல் குமாஸ்தா:

பால்கனி சார் சொன்னதுல ஒண்ணு உண்மை. சினிமா வர்றதுக்கு முன்னாடியே இது உண்டு, போலீஸ்னு ஒரு துறை ஒழுங்கா வர்றதுக்கு முன்னாடியே உண்டு. மெட்ராஸ் பிரசிடென்சியில சித்திரவதை நடக்குதான்னு விசாரிக்க வெள்ளைக்காரனே ஒரு கமிஷன் போட்டு 1855-ல அறிக்கை வந்துச்சு. வரி வசூலிக்க அடிச்சது, களவைக் கண்டுபிடிக்க அடிச்சது எல்லாம் அதுல இருக்கு. கட்டையில கையை நசுக்குற கிட்டி, உடம்பை வளைச்சுக் கட்டிப் போடுற அண்ணாந்தாள்னு நம்ம ஊர்ப் பேரையே இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சிருக்கான். அதனால பழியை முழுசா சினிமா மேல போட முடியாது.

ஆனா நான் பதினோரு வருஷமா கிரிமினல் சைடு சீனியர் ஒருத்தர்கிட்ட குமாஸ்தாவா இருக்கேன், எனக்கு வேற ஒரு குறை இருக்கு. போலீஸைத் திட்டுற படமும் சரி, கும்பிடுற படமும் சரி, ஒரு பொய்யை மட்டும் ஒத்துமையா சொல்லும். அடிச்சா உண்மை வரும், உண்மை வந்தா கேஸ் முடியும்னு. சட்டப்படி போலீஸ்கிட்ட குடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்ல செல்லவே செல்லாது. பழைய சாட்சியச் சட்டம் 25-வது பிரிவு, இப்போ புதுச் சட்டத்துல நம்பர் மாறியிருக்கு, விஷயம் மாறலை. அவன் சொல்லி ஒரு பொருள் கிடைச்சா அந்தக் கிடைச்ச அளவுக்கு மட்டும்தான் செல்லும். அதனாலதான் நிஜ ஸ்டேஷன்ல 'உண்மையைச் சொல்லு'ன்னு யாரும் அடிக்கிறதில்லை, 'பொருள் எங்க'ன்னு அடிப்பாங்க. ரெக்கவரி, அதாவது திருட்டுப் பொருளை மீட்டதா காட்டணும். எடுத்தவன் கிடைக்கலைன்னா எடுக்காதவன்கிட்ட ரெக்கவரி காட்டணும், அதுக்கு அவன் பொண்டாட்டி நகை வரைக்கும் அடகுக்குப் போகும். 'விசாரணை' படத்துல குண்டூருக்கு வேலைக்குப் போன நம்ம ஊர்ப் பசங்க மாட்டினது இதுலதான்.

நேர்ப்பேச்சு:

எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருக்கீங்க. சரி, நேரடியா ஒண்ணு கேக்கறேன். ஒரு சின்னப் பொண்ணை நாசம் பண்ணவனை போலீஸ் புடிச்சு கை காலை உடைச்சா உங்களுக்கு ஏன் வலிக்குது? கோர்ட்டுக்குப் போனா பத்து வருஷம் இழுப்பான், ஜாமீன்ல வந்து அந்தப் பொண்ணு வீட்டு வாசல்லயே நிப்பான். 2019-ல ஹைதராபாத்ல ஒரு பொண்ணை நாசம் பண்ணிக் கொன்னாங்கன்னு புடிச்ச நாலு பேரைச் சுட்டப்போ ஜனங்க போலீஸ் மேல பூ தூவினாங்க, அது எந்த சினிமாக்காரன் சொல்லிக் குடுத்தது? ஜனங்க மனசுல இருக்கிறதைத்தான் படமா எடுக்கிறான். மனித உரிமை பேசறவங்க வீட்ல ஒண்ணு நடந்தா அப்போ தெரியும்.

வக்கீல் குமாஸ்தா:

நேர்ப்பேச்சு, அந்த ஹைதராபாத் விஷயத்துல பூ தூவினதோட நியூஸ் பார்க்கறதை நிறுத்திட்டீங்கன்னு நினைக்கிறேன். சுப்ரீம் கோர்ட் ஒரு கமிஷன் போட்டுச்சு, ஓய்வுபெற்ற நீதிபதி சிர்புர்கர் தலைமையில. 2022-ல அறிக்கை வெளிய வந்துச்சு. சாகடிக்கணும்னே சுட்டிருக்காங்கன்னு அதுல இருக்கு, செத்த நாலு பேர்ல மூணு பேரு அப்போ மைனர்னும் இருக்கு, பத்து போலீஸ்காரங்க மேல கொலைக் கேஸ் நடத்தணும்னு பரிந்துரை. அதுக்கு யாரும் பூவை எடுத்துட்டுப் போகலை. அந்த நாலு பேரும்தான் பண்ணாங்களா இல்லையாங்கிறது இனிமே எந்தக் கோர்ட்லயும் நிரூபிக்க முடியாத கேள்வியா போச்சு. அந்தப் பொண்ணுக்கு அது நீதியா?

கோர்ட் இழுக்குதுங்கிறது உண்மை. அதை நான் மறுக்கலை, என் சம்பளமே அந்த இழுவையில வர்றதுதான்.

நேர்ப்பேச்சு:

கமிஷன் ரிப்போர்ட் படிக்க எனக்கு நேரமில்லை. என் கேள்விக்குப் பதில் வரலை. பண்ணவன்னு நூறு சதவீதம் தெரிஞ்சா?

மூணாவது ரீல்:

அந்த 'நூறு சதவீதம் தெரிஞ்சா' இருக்கு பாருங்க, நான் சொல்ல வந்ததே அதைத்தான். நிஜத்துல யாருக்கு நூறு சதவீதம் தெரியும்? தியேட்டர்ல உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் தெரியும். ஏன்னா வில்லன் அந்தப் பொண்ணை என்ன பண்ணான்னு இன்டர்வெலுக்கு முன்னாடியே கேமரா நமக்குக் காட்டிடுது, நாம நேர்ல பார்த்த சாட்சி ஆயிடுறோம். அதுக்கப்புறம் ஹீரோ சுடும்போது அது தண்டனை மாதிரி தெரியுது. நிஜ இன்ஸ்பெக்டருக்கு அந்த இன்டர்வெலுக்கு முந்தின சீனை யாரு போட்டுக் காட்டுவாங்க? 2003-ல 'காக்க காக்க'ல ஆரம்பிச்சு எத்தனை படம் இந்தத் தந்திரத்துல ஓடியிருக்கு.

'வேட்டையன்'ல இதை உடைக்கப் பார்த்தாங்க, 'ஜெய் பீம்' எடுத்த ஞானவேல்தான், 2024-ல. என்கவுன்டர் போலீஸா ரஜினி ஒரு அப்பாவியைச் சுட்டுடுறாரு. நல்ல ஆரம்பம். ஆனா அவரு பண்ண தப்புக்கு அவரே விசாரணை அதிகாரி ஆகி, உண்மையான வில்லனைக் கண்டுபிடிச்சு, நமக்கு அவரு மேல இருந்த கோபத்தையும் கரைச்சுடுறாங்க. சுட்டவரு கூண்டுல நின்னிருந்தா படம் ஓடியிருக்குமான்னு கேட்டா ஓடியிருக்காதுதான்.

பால்கனி டிக்கெட்:

ரஜினி கூண்டுல நின்னா நானே ஸ்க்ரீனைக் கிழிச்சிருப்பேன் 😂

ஏட்டு மகன்:

இங்க எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். அப்பா ஏட்டா இருந்து ரிட்டையர் ஆனவர். நான் வளர்ந்தது போலீஸ் குவார்ட்டர்ஸ்ல. உங்க எல்லாருக்கும் போலீஸ்னா ஒண்ணு சிங்கம், இல்லைன்னா மிருகம். எங்க வீட்ல போலீஸ்னா ராத்திரி பாரா முடிஞ்சு வந்து காலை வெந்நீர்ல வச்சுட்டு உட்கார்ந்தபடியே தூங்குற ஒரு மனுஷன். பந்தோபஸ்துன்னா மூணு நாள் ஆளே இருக்க மாட்டாரு. ஒரு அதிகாரி வீட்ல ஆர்டர்லியா போட்டப்போ அந்த வீட்டு நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போவாரு, நான் ஸ்கூல் பஸ்ல போறப்போ பார்த்துட்டு குனிஞ்சுக்குவேன். அதை எந்தப் படத்துல காட்டினான்?

'டாணாக்காரன்' வந்தப்போதான் முதல் தடவையா யாரோ எங்க வீட்டுக் கதையைச் சொல்றாங்கன்னு இருந்துச்சு, டைரக்டர் தமிழ் முன்னாடி போலீஸ்ல இருந்தவர்ங்கிறதால இருக்கலாம். ட்ரெய்னிங்ல கக்கூசுக்கே வழியில்லாம நிக்க வைக்கிறது, எதிர்த்துக் கேட்டா மொத்த பேட்ச்சையும் வச்சு செய்யறது. அடி வாங்கித்தான் போலீஸே ஆகறான், அப்புறம் அவன் யாரை அடிக்காம இருப்பான்? 'ரைட்டர்'ல சமுத்திரக்கனி போலீஸுக்கு ஒரு சங்கம் வேணும்னு கேட்டதுக்கே தூக்கி அடிப்பாங்க, அதுவும் நிஜம்தான், மத்த அரசு ஊழியருக்கெல்லாம் சங்கம் இருக்கு, 1966 சட்டத்துல எங்களுக்கு வாயைக் கட்டி வச்சிருக்காங்க. மேல இருந்து 'நாளைக்குக் காலையில அக்யூஸ்ட் வேணும்'னு ஒரு போன் வரும், போன் பண்ணவரு பேரு எந்தப் பேப்பர்லயும் இருக்காது, அடிச்ச ஏட்டு பேருதான் பேப்பர்ல வரும். இதைச் சொன்னா போலீஸுக்கு சொம்பு தூக்கறேம்பீங்க.

குயிலி:

ஏட்டு மகன், சொம்புன்னு சொல்ல மாட்டேன், நீங்க எழுதினது உண்மைன்னு தெரியுது. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, போலீஸ்காரன் வலியைச் சொல்ற படம்னா அது அவன் வாயிலிருந்து வருது, அவனுக்குப் பேரு இருக்கு, வீடு இருக்கு, மனசாட்சி இருக்கு. 'விடுதலை' முதல் பாகத்துல சூரி அப்படித்தான். அடிபட்ட ஒரு அம்மாவை ஜீப்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதுக்கு மன்னிப்புக் கேளுன்னு மேலதிகாரி சொல்லுவாரு, இவரு கேக்க மாட்டாரு. அழகான இடம், எனக்கும் பிடிக்கும். ஆனா அதே படத்துல கேம்ப்ல துணியில்லாம உட்கார வச்ச பொம்பளைங்க இருக்காங்களே, அதுல எத்தனை பேருக்குப் பேரு ஞாபகம் இருக்கு உங்களுக்கு? எனக்கு ஒண்ணுகூட இல்ல. அவங்க சூரி பதறி ஓடி வர்றதுக்கான காரணமா இருக்காங்க, அவ்வளவுதான்.

அந்த சீனைப் பார்த்தப்போ எல்லாருக்கும் தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி கிராமம்தான் ஞாபகம் வந்துச்சு. சந்தனக்கட்டை தேடறோம்னு 1992 ஜூன் 20-ம் தேதி போனாங்க, வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூணும். பதினெட்டு பெண்களை பாலியல் வன்கொடுமை பண்ணாங்க. குற்றம் சாட்டப்பட்டவங்க 269 பேரு, 2011-ல தர்மபுரி கோர்ட்ல தீர்ப்பு வந்தப்போ அதுல 54 பேரு செத்தே போயிருந்தாங்க, மீதி 215 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு. அப்பீல், அதை ஐகோர்ட் தள்ளுபடி பண்ணது 2023 செப்டம்பர். முப்பத்தொரு வருஷம். அதுல ஒரு ஹீரோ வக்கீல் வந்து ஒரே வாரத்துல ஒண்ணும் மாத்தலை. அந்தப் பொம்பளைங்க திரும்பத் திரும்ப வந்து நின்னு, இவன்தான்னு கையைக் காட்டி, சாட்சி சொல்லி, மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரங்களோட பஸ் ஏறி வந்து, மறுபடி வந்து. படம் எடுக்கணும்னா அதைத்தான் எடுக்கணும். பஸ் ஏறுறதை எவன் எடுப்பான், அடிக்கிறதைத்தான் எடுப்பான்.

'ஜெய் பீம்'லயும் இதே வருத்தம்தான் எனக்கு. லாக்கப்ல செத்த ராசாக்கண்ணு பொண்டாட்டி செங்கேணிதான் கதை. ஆனா போஸ்டர்ல யாரு?

பால்கனி டிக்கெட்:

குயிலி மேடம், சூர்யா இல்லாம அந்தப் படம் வந்திருந்தா உலகம் முழுக்க எத்தனை பேரு பார்த்திருப்பாங்க? ஸ்டார் இருந்ததாலதான் ஆட்கொணர்வு மனுன்னா என்னன்னு எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சது. சீரியஸா சொல்றேன், எங்க அம்மா இப்போ நியூஸ்ல 'ஹேபியஸ் கார்பஸ்'னு வந்தா 'அந்த செங்கேணி போட்டாளே அது'ன்னு சொல்றாங்க. அதுக்கு ஒரு ஸ்டார் தேவைப்பட்டா தப்பில்லை.

குயிலி:

அம்மா 'செங்கேணி போட்டாளே'ன்னு சொன்னாங்கன்னா அம்மா என்னை விட நல்லா படம் பார்த்திருக்காங்க. அந்த பாயின்ட் உங்களுக்கு.

மூணாவது ரீல்:

விசில், கண்ணீர் ரெண்டையும் பத்தி தலைப்பு வச்சேன், மூணாவதா ஒண்ணை மறந்துட்டேன். சிரிப்பு. நம்ம காமெடி ட்ராக்ல எத்தனை தடவை ஒருத்தன் ஸ்டேஷனுக்குள்ள சட்டை பேன்ட்டோட போயி ஜட்டியோட வெளிய வந்திருக்கான்? உள்ள 'தொம் தொம்'னு சத்தம் மட்டும் கேக்கும், வெளிய வரும்போது முகம் வீங்கியிருக்கும், நாம வயித்தைப் புடிச்சுட்டு சிரிப்போம். 'லாடம் கட்டிட்டாங்க', 'முட்டிக்கு முட்டி தட்டிட்டாங்க' இதெல்லாம் நமக்கு மீம் டெம்ப்ளேட். லாடம்னா பாதத்துல அடிக்கிறது, அதுக்கப்புறம் அவனால நடக்க முடியாது. இதை ஆக்ஷன் படம் கூட சொல்லிக் குடுக்கலை, காமெடிதான் சொல்லிக் குடுத்துச்சு.

அப்புறம் அந்த மாவுக்கட்டு. ரவுடி ஒருத்தனைப் புடிச்சா மறுநாள் கையில மாவுக்கட்டோட போட்டோ வரும், 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்'னு நியூஸ் வரும், கீழ கமென்ட்ல அத்தனை பேரும் சிரிப்பு பொம்மை. அந்தப் பாத்ரூம்ல போலீஸ்காரர் யாரும் வழுக்கி விழுந்ததா நியூஸே வந்ததில்லை. நானும் அதுல சிரிப்பு பொம்மை போட்டிருக்கேன், இப்போ போய்த் தேடி அழிக்கணும்.

பால்கனி டிக்கெட்:

இந்த காமெடி பாயின்ட்டுக்கு என்கிட்ட பதில் இல்லை. யோசிச்சுட்டு வரேன்.

வக்கீல் குமாஸ்தா:

நான் இன்னொண்ணு சொல்லணும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க. ரிமாண்ட்னு ஒண்ணு இருக்கு. யாரை அரெஸ்ட் பண்ணாலும் 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், அரசியல் சாசனம் 22-வது பிரிவே சொல்லுது. எதுக்காகன்னா, அடிச்சிருந்தா அங்க தெரிஞ்சுடணும். ஆஸ்பத்திரி டாக்டரை விட்டா, மொத்தச் சிஸ்டத்துலயும் போலீஸ் இல்லாத ஒருத்தர் அவன் உடம்பைப் பார்க்கிற முதல் இடம் அதுதான். நம்ம படத்துல அந்த இடம் இருக்காது, இருந்தாலும் ஒரு ஷாட்ல தாண்டிடும்.

நான் பார்த்த ஒண்ணைச் சொல்றேன். ஊர், ஆள் எதுவும் வேணாம். மாஜிஸ்திரேட் வீடு, ராத்திரி எட்டு மணி இருக்கும். பையனுக்கு இருபது வயசு. வாசப்படி ஏறும்போது கால் முழுசா ஊன முடியாம விரல் நுனியில ஏறினான். உள்ள 'போலீஸ் அடிச்சாங்களா, துன்புறுத்தினாங்களா'ன்னு கேட்டாரு. கேக்கணும், அது விதி. பையனுக்கு ரெண்டு அடி தள்ளி அதே ஏட்டு நிக்கிறாரு, இங்கருந்து திரும்ப ஜெயில் வரைக்கும் அதே வண்டியில அதே ஏட்டோட போகணும். 'இல்லைங்கய்யா.' கையெழுத்து. மொத்தமா ரெண்டு நிமிஷம் ஆகியிருக்காது. ஆஸ்பத்திரி சீட்டுல 'காயம் எதுவும் இல்லை'. எங்க சீனியர் மட்டும் 'ஐயா, ஒரு தடவை நடக்கச் சொல்லிப் பாருங்க'ன்னாரு. நடக்கச் சொன்னாரு. அப்புறம்தான் எல்லாம் மாறுச்சு, மறுபடி மெடிக்கல் செக்கப்புக்கு ஆர்டர் போட்டாங்க. வக்கீல் இல்லாம வந்திருந்தா?

சாத்தான்குளத்துலயும் ரெண்டு பேரும் ரிமாண்ட் ஆகி கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போயிட்டுத்தான் செத்தாங்க. அதாவது அந்த வடிகட்டியைத் தாண்டிப் போயிருக்காங்க. ஸ்டேஷன்ல கேமரா இருந்துச்சு, பதிவு தினமும் தானா அழியற மாதிரி செட்டிங் இருந்துச்சுன்னு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் ரிப்போர்ட்லயே வந்துச்சு. அவரையே அங்க மரியாதையில்லாம பேசினாங்கன்னு போய், கடைசியில அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறை கட்டுப்பாட்டுல எடுங்கன்னு ஐகோர்ட் மதுரைக் கிளை சொல்லுச்சு. ஒரு பெண் தலைமைக் காவலர் உள்ள நடந்ததைச் சாட்சியா சொன்னாங்க. எந்தக் கதாசிரியர் இப்படி எழுதினாலும் ஓவரா இருக்குன்னு ப்ரொட்யூசர் வெட்டிடுவாரு.

'விசாரணை'யை நான் பெரிய படம்னு சொல்றது அடிக்கிற சீனுக்காக இல்லை. குண்டூர் கோர்ட் சீனுக்காக. பசங்களுக்குத் தெலுங்கு தெரியாது, ஜட்ஜுக்குத் தமிழ் தெரியாது. வேற வேலையா வந்த தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் மொழிபெயர்க்கிறாரு, விடுதலை. மொழி தெரிஞ்ச ஒரு ஆள் அன்னைக்கு அந்தக் கோர்ட்ல நின்னது தற்செயல், அந்தத் தற்செயல்தான் நீதி. அதே போலீஸ்காரர் பின்னாடி போயிதான் பசங்க அடுத்த குழியில விழறாங்க. அந்தக் கதையை எழுதின மு. சந்திரகுமார் தானே குண்டூர் லாக்கப்ல கிடந்தவர், ஆட்டோ ஓட்டினவர், அதனாலதான் அந்த சீன் அப்படி இருக்கு.

நேர்ப்பேச்சு:

சரிங்க, நீங்க சொல்ற பசங்க எல்லாம் தப்பே பண்ணாதவங்க. ராசாக்கண்ணு அப்பாவி, குண்டூர் பசங்க அப்பாவி. அப்பாவியை அடிச்சா எனக்கும்தான் வயிறு எரியுது. திருடனையே அடிச்சா அழற மாதிரி ஒரு படம் காட்டுங்க, அப்போ ஒத்துக்கறேன்.

மூணாவது ரீல்:

இதுக்காக உங்களுக்கு ஒரு கும்பிடு. உங்க பக்கத்துல நின்னுட்டு என் பாயின்ட்டை என்னை விட நல்லா சொல்லிட்டீங்க. நம்ம 'நல்ல' படங்களும் அப்பாவி இருந்தாத்தான் அழுது. திருடனா இருந்தா அடிக்கலாமான்னு கேள்வியைக் கேக்கவே பயப்படுது. சட்டத்துல திருடனுக்குத் தண்டனை ஜெயில், பாதத்துல அடி எந்த செக்ஷன்லயும் இல்லை.

வக்கீல் குமாஸ்தா:

இல்லை, ஒரு படம் இருக்கு, நீங்க ரெண்டு பேருமே மறந்துட்டீங்க. 'விசாரணை' ரெண்டாவது பாதி. கிஷோர் பண்ண அந்த ஆடிட்டர் கே.கே. சுத்தமான ஆளா? கோடிக்கணக்குல அடுத்தவன் கறுப்புப் பணத்துக்குக் கணக்கு எழுதினவரு. கஸ்டடியில அவரு சாகும்போது நேர்ப்பேச்சு, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, கை தட்டினீங்களா?

நேர்ப்பேச்சு:

தட்டலை.

அது வேற. அந்த ஆளு பொண்ணைத் தொட்டவன் இல்லையே.

குயிலி:

'அது வேற'வை எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னுதான் சண்டையே. 2025 ஜூன்ல திருப்புவனத்துல ஒரு கோயில் காவலாளி, நகை காணோம்னு ஒரு புகார், தனிப்படை கூட்டிட்டுப் போச்சு, உயிரோட வரலை. அடிக்கிறதை யாரோ மறைஞ்சிருந்து போன்ல எடுத்த வீடியோ வந்த பிறகுதான் ஊரே பேசுச்சு. அன்னைக்கு அழுத எத்தனை பேரு அதுக்கு முந்தின வாரம் ஒரு மாவுக்கட்டுக்கு சிரிப்பு பொம்மை போட்டாங்க? அவரு எடுத்தாரா இல்லையான்னு தெரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடியே செத்துட்டாரு. 'வேற'யா இல்லையான்னு முடிவு பண்ண நேரமே கிடைக்கலை.

பால்கனி டிக்கெட்:

யோசிச்சுட்டு வரேன்னேன்ல, வந்துட்டேன். இதை எங்கயும் சொன்னதில்லை. காலேஜ் படிக்கிறப்போ பைக்ல மூணு பேரு போனோம், புடிச்சுட்டாங்க, ஸ்டேஷன்ல ஒரு பெஞ்ச்ல உட்கார வச்சாங்க, ஆறு மணி நேரம். அடின்னு பெருசா இல்ல, உள்ள நுழைஞ்சதும் ஒரே ஒரு அறை, காது கொஞ்ச நேரம் 'ங்ஙொய்'னுச்சு. எதிர்ச் சுவத்துல ஒரு போர்டு, கைது பண்ணா என்னென்ன பண்ணணும்னு, சுப்ரீம் கோர்ட் சொன்ன பதினோரு கட்டளை. ஆறு மணி நேரம் வேற வேலை இல்லாம அதையே திரும்பத் திரும்பப் படிச்சேன். குடும்பத்துக்குத் தகவல் சொல்லணும்னு அதுல இருந்துச்சு. ஸ்டேஷன்ல எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர்கிட்ட போயி 'சார், வீட்டுக்கு ஒரு போன்'னேன், அவரு போர்டைத் திரும்பிக் கூடப் பார்க்கலை, 'உட்காரு'ன்னாரு, உட்கார்ந்தேன்.

வெளிய வந்து பசங்ககிட்ட அதைக் காமெடியாத்தான் சொன்னேன். நல்லா சிரிச்சாங்க. நானே மூணு நாலு தடவை சொல்லிக் காட்டியிருக்கேன், ஒவ்வொரு தடவையும் அறை கொஞ்சம் பெருசாகும். காமெடி பாயின்ட்டுக்குப் பதில் இல்லைன்னு சொன்னது இதனாலதான். 'சிங்கம்' பிடிக்கும்ங்கிறதுல இப்பவும் மாற்றம் இல்லை, அதையும் சொல்லிடறேன்.

வக்கீல் குமாஸ்தா:

அது டி.கே. பாசு வழக்கு தீர்ப்பு, 1996. போர்டு மாட்டணும்ங்கிறதும் தீர்ப்புலயே இருக்கு. அந்த ஸ்டேஷன் அதை மட்டும் ஒழுங்கா பண்ணியிருக்கு.

ஏட்டு மகன்:

நான் முன்னாடி எழுதினதுல ஒண்ணை விட்டுட்டேன். அப்பா அடிச்சிருக்காரு. வீட்ல இல்லை, ஸ்டேஷன்ல. எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். சில நாள் வந்ததும் நேரா குளிக்கப் போயிடுவாரு, சோறு வேணாம்பாரு, அன்னைக்கு யாரும் எதுவும் கேக்க மாட்டோம். மேல இருந்து போன் வந்துச்சுன்னு நான் சொன்னது உண்மை. ஆனா அந்த ரூமுக்குள்ள போனது போன் இல்ல.

இந்தத் திரியைப் படிச்சுட்டு நேத்து அவரை 'விசாரணை' பார்க்க வச்சேன். அவரு இதுவரைக்கும் பார்த்ததில்லை. ஒண்ணும் பேசாம பார்த்தாரு. லாக்கப் சீன்ல நான் அவரு முகத்தையே பார்த்துட்டிருந்தேன், அவரு திரையைத்தான் பார்த்தாரு. முடிஞ்சதும் கொஞ்ச நேரம் கழிச்சு, 'படத்துல சத்தம் ஜாஸ்தி. நாங்க வயர்லெஸ்ஸை சத்தமா வச்சுடுவோம்'னாரு.

குயிலி:

அப்புறம்?

ஏட்டு மகன்:

அப்புறம் ஒண்ணுமில்ல. நியூஸ் சேனல் மாத்திட்டாரு. சாப்பிட்டியான்னு கேட்டாரு.